சர்வீஸுக்குப் போகிறவர் கையில் இருக்க வேண்டிய காகிதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில் சிஎன்சி (கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும்) இயந்திரங்களுக்கு சர்வீஸ் இன்ஜினியராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்து ஓய்வுபெற்றவன் நான். ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே வேலை பார்க்கும் தமிழ் இளைஞர்களை, "ரெண்டு வாரம்தானே, விசிட்டர் விசா போதும், ஒர்க் பெர்மிட் எல்லாம் வேண்டாம்" என்று சொல்லி விமானம் ஏற்றிவிடும் வழக்கம் இப்போது சிறிய நிறுவனங்களிலும் வந்துவிட்டது. அப்படிச் சொல்வது பல சமயம் உண்மைதான். ஆனால் வெளிநாட்டில் வேலை செய்வதற்கான அந்த அனுமதி எந்த விதியின்கீழ் வேண்டாம் என்பதைப் போகிறவருக்கு யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. என் குறை அதுதான்.

எங்கள் தெருவில் குடியிருக்கும் இளைஞர் ஒருவர், தம் நிறுவனம் விற்ற இயந்திரத்தை வாரண்டியில் சரிசெய்வதற்காகக் கனடாவுக்குப் போனார். டொராண்டோ விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்தபோது டயல் கேஜ், ஆலன் கீ செட், மல்டிமீட்டர் எல்லாம் இருந்தன. கையில் இருந்த அழைப்புக் கடிதத்திலோ "வணிகச் சந்திப்பு" என்று மட்டுமே இருந்தது. "எதற்கு வந்தீர்கள்?" என்ற கேள்விக்கு அவர் மறைக்காமல் "வேலைக்கு" என்றார். திரும்பும் விமானத்தில் ஏற்றிவிட்டார்கள்.

வேதனை என்னவென்றால், அவர் செய்யப்போன பணிக்குக் கனடாவின் சட்டம் இடம் கொடுக்கிறது. தொழில் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர், பொருத்துபவர்களை மேற்பார்வையிடுபவர், இயக்கிச் சோதித்துக் கொடுப்பவர் ஆகியோர், அந்தப் பணி முதலில் போட்ட விற்பனை அல்லது குத்தகை ஒப்பந்தத்திலோ வாரண்டியிலோ அடங்கியிருந்தால், 'பிசினஸ் விசிட்டர்' என்ற வகையில் ஒர்க் பெர்மிட் இல்லாமல் அதைச் செய்யலாம். சம்பளம் இங்கிருந்தே வர வேண்டும். நிறுவனத்தின் தொழில் மையமும் கனடாவுக்கு வெளியே இருக்க வேண்டும். அதே இடத்தில் கேபிள் இழுப்பது, குழாய் பதிப்பது போல அந்த ஊர் எலெக்ட்ரீஷியனும் பைப் ஃபிட்டரும் செய்யும் வேலையில் கைவைத்தால் விலக்கு போய்விடும். வாரண்டி முடிந்தபின் வேறொரு நிறுவனம் தனியாகப் போட்டுக்கொண்ட பராமரிப்பு ஒப்பந்தத்துக்கும் இது பொருந்தாது. ஆகவே அந்த இளைஞருக்கு வேண்டியிருந்தது விற்பனை ஒப்பந்தத்தில் வாரண்டி பற்றிய ஒரே ஒரு பக்கத்தின் நகல். அது அவருடைய அலுவலகத்து ஃபைலில் பத்திரமாக இருந்தது.

சம்பளம் வாங்காவிட்டால் அது வேலையே ஆகாது என்ற எண்ணமும் நம்மவர்களிடம் பரவலாக இருக்கிறது. கனடாவின் விதிப்படி, ஊதியமோ கமிஷனோ பெறும் செயல் மட்டுமன்றி, அந்நாட்டவர் வேலைச்சந்தையில் செய்வதோடு நேரடியாகப் போட்டியிடும் செயலும் வேலைதான். உறவினரின் உணவகத்தில் "சும்மா உதவிக்கு" நிற்பது இதனால் வம்பில் முடியலாம். மகளின் பிரசவத்துக்குப் போய்ப் பேரக்குழந்தையைக் கவனித்துக்கொள்ளும் தாய் பயப்பட வேண்டியதில்லை. அத்தகைய உதவியை அவர்கள் வேலையாகக் கருதுவதில்லை. அந்த நாட்களில் மடிக்கணினியைத் திறந்து, பெங்களூரு அலுவலகத்துக்காக இங்கிருந்து வரும் சம்பளத்துக்கு வேலை செய்வதும் அப்படியே. கோயில் பூசைக்கும் ஆன்மிகப் பணிக்கும் செல்லும் குருக்களுக்கு விலக்கு உண்டு. அதே கோயிலின் மடப்பள்ளிக்குச் சமைக்கப் போகிறவர் அந்த விலக்கில் வரமாட்டார்.

'ரெண்டு வாரம்' என்ற பேச்சுக்கும் ஒரு மூலம் இருக்கிறது. 2017 ஜூன் முதல், உயர்திறன் பணிகளில் இருப்பவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொடர்ந்து 15 நாட்கள், அல்லது பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை தொடர்ந்து 30 நாட்கள், ஒர்க் பெர்மிட் இன்றிப் பணியாற்றக் கனடா அனுமதிக்கிறது. மேலாளர்களுக்கும் பட்டப்படிப்பைக் கோரும் தொழில்களுக்கும் உரிய இந்தச் சலுகையை எல்லா டெக்னீஷியன்களுக்கும் பொதுவாக்கிப் பேசுவது தவறு. நாட்கள் தொடர்ச்சியாகவே எண்ணப்படும். நடுவில் வரும் சனி, ஞாயிறு கழியாது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு விசா கட்டாயம் என்பதையும், பெர்மிட்டுக்கு விலக்கு இருப்பதால் விசாவுக்கும் விலக்கு வந்துவிடாது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது.

இந்த விஷயத்தில் சிங்கப்பூரின் முறை தொழிலாளிக்கு நல்லது என்பது என் கருத்து. அங்கே புதிய இயந்திரத்தை நிறுவுதல், பழுதுபார்த்தல் போன்ற குறிப்பிட்ட பணிகளுக்கு ஓர் ஆண்டில் மொத்தம் 90 நாட்கள் வரை ஒர்க் பாஸ் தேவையில்லை. ஆனால் நாட்டுக்குள் வந்தபின், வேலையைத் தொடங்குவதற்கு முன், மனிதவள அமைச்சுக்கு இணையம் வழியே தெரிவித்துவிட வேண்டும். தெரிவித்ததற்கான பதிவு கையில் இருக்கும். கனடாவில் பெரும்பாலான விலக்குகளுக்கு அப்படித் தனியான சீட்டு எதுவும் கிடையாது. எல்லையில் நிற்கும் அதிகாரியிடம் நாம் காட்டும் காகிதமும் சொல்லும் பதிலும்தான்.

அமெரிக்காவின் பி-1 விசாவிலும் (குறுகிய கால வணிகப் பயணத்துக்கான விசா), விற்பனை ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் மட்டுமே சர்வீஸுக்குப் போகலாம். இந்த பி-1 விசாவைத் தவறாகப் பயன்படுத்தியதாக எழுந்த குற்றச்சாட்டை முடித்துக்கொள்ள, நம் ஊரின் பெரிய மென்பொருள் நிறுவனம் ஒன்று, குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலேயே, 2013 அக்டோபரில் 3.4 கோடி டாலர் செலுத்தியது. பெரிய நிறுவனம் பணம் கட்டிவிட்டுத் தொழிலைத் தொடர்கிறது. தனி ஆளின் கதை வேறு. அந்த இளைஞர் இனி பல நாடுகளுக்கு விசா கேட்கும்போது, விண்ணப்பத்தில் "இதற்குமுன் நுழைவு மறுக்கப்பட்டதா?" என்ற கேள்விக்கு "ஆம்" என்று எழுதி, நிறுவனம் செய்த பிழைக்குத் தாமே விளக்கமும் எழுத வேண்டும்.

ஆகவே பீன்யா, பொம்மசந்திரா, ஒயிட்ஃபீல்டு பகுதி நிறுவனங்கள் ஊழியரை அனுப்பும்போது, எந்த விதிவிலக்கின்கீழ் போகிறார், என்ன செய்வார், எதைச் செய்யமாட்டார், சம்பளம் யார் தருகிறார் என்பதைக் கடிதமாக எழுதி, ஒப்பந்த நகலோடு கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் ஊழியர் கேட்டு வாங்க வேண்டும். கேட்பவரை அடங்காதவராகப் பார்க்கும் மேலாளர்களும் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். தங்கள் நாளிதழ் இவ்விதிகளை நாடுவாரியாக எளிய தமிழில் வெளியிட்டால், கேட்பதற்கு ஊழியர்கள் கையில் ஒரு ஆதாரமாவது இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சர்வீஸ் இன்ஜினியர்,
தாசரஹள்ளி, பெங்களூரு