தார்ச்சாலைத் தொழிலாளர்கள் சுவாசிக்கும் காற்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சாலைப் பணி மேற்பார்வையாளராக நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். மழையில் பழுதான சாலைகளுக்கு இரவு பகலாகத் தார் போடும் பணி நடக்கும் இந்நாட்களில், அந்தப் புகைக்குள் நிற்பவர்களுக்காக இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சூடான தாரும் ஜல்லியும் கலந்த கலவையோடு லாரி வந்து நின்றதும் தார்ப்பாயை விலக்கி, வெப்பமானியைச் செருகிப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவது என் அன்றாட வேலை. நாம் பெரும்பாலும் பயன்படுத்தும் விஜி-30 வகைத் தாருக்கு, ஆலையில் கலவை 150 முதல் 165 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். சாலையில் விரிக்கும்போது 140-க்குக் கீழே இறங்கக்கூடாது. ஆறிப்போன கலவையைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஆனால், வழியில் ஆறிவிடும் என்று ஆலையில் அளவுக்கு மீறிச் சூடேற்றப்பட்டு, நீலப்புகை எழும்ப வந்து நின்ற லாரியை நான் ஒருமுறைகூடத் திருப்பியதில்லை. இன்று அதை நினைத்தால் மனம் உறுத்துகிறது.

ஏனென்றால், வெப்பம் 10, 12 டிகிரி கூடினாலே தாரிலிருந்து கிளம்பும் புகை ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது இத்துறையில் வழங்கும் கணக்கு. ஆவியும் எண்ணெய்ப் பசையுள்ள நுண்துளிகளும் கலந்த அந்தப் புகையில், புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடிய பல்வளைய ஹைட்ரோகார்பன்களும் உண்டு. கலவையைச் சாலையில் விரிக்கும் பேவர் இயந்திரத்தின் ஓட்டுநர் இருக்கை கலவைக்கு நேர் மேலே இருக்கிறது. பின்னால் ரேக் பிடித்து மட்டம் செய்பவரின் முகம் கலவைக்கு ஓரிரு அடி உயரத்தில் குனிந்திருக்கிறது. அவர்கள் மூக்கைச் சுற்றிக் கட்டும் துண்டு தூசியை ஓரளவு தடுக்குமே தவிர, ஆவியைத் தடுக்காது. கண்ணெரிச்சல், தொண்டைக் கமறல், விடாத இருமல் ஆகியவற்றை 'தார் வேலை என்றால் அப்படித்தான்' என்று அவர்களே சொல்லப் பழகிவிட்டார்கள். வேலை முடிந்ததும் ரோலரிலிருந்து டீசலைப் பிடித்துக் கைகால்களில் ஒட்டிய தாரைத் தேய்த்துக் கழுவுவதையும் பலமுறை பார்த்திருக்கிறேன். அதனால் தோலுக்கும் கேடு சேர்கிறது.

இங்கே ஒரு தெளிவு தேவை. தமிழில் இரண்டையும் தார் என்றே சொன்னாலும், நிலக்கரித் தார் வேறு, பெட்ரோலியச் சுத்திகரிப்பில் கிடைத்து இன்று சாலைக்குப் பயன்படும் பிட்டுமன் வேறு. நிலக்கரித் தார் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உறுதியானது. பிட்டுமனைப் பொறுத்தவரை, பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2011-இல் கூடி ஆராய்ந்து, சாலை போடுபவர்களுக்கு அதன் புகையால் புற்றுநோய் வரும் சாத்தியம் உண்டு என்றும், கூரைகளுக்கு நீர்க்காப்புப் பூச்சாக ஆக்சிஜனேற்றப் பிட்டுமனை (சூடான நிலையில் காற்றைச் செலுத்திக் கெட்டியாக்கிய பிட்டுமனை) காய்ச்சிப் பூசுபவர்களுக்கு அந்த வாய்ப்பு அதைவிட வலுவானது என்றும் வகைப்படுத்தியது. வேலையிடத்தில் ஓயாமல் ஓடும் லாரிகள் கக்கும் டீசல் புகையோ, 2012 முதல் உறுதியான புற்றுநோய்க் காரணிகளின் பட்டியலில் இருக்கிறது.

தடுக்க வழி இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் 1997 முதல் தயாரிக்கப்படும் பெரிய பேவர் இயந்திரங்களில், புகையை உறிஞ்சி ஓட்டுநரின் தலைக்கு மேலே வெளியேற்றும் அமைப்பு பொருத்தப்படுகிறது. சுமார் 30 டிகிரி குறைந்த வெப்பத்திலேயே விரிக்கத்தக்க மிதவெப்பக் கலவைக்கு, சாலைப் பணித் தரநெறிகளை வகுக்கும் இந்தியச் சாலைப் பேராயம் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டுள்ளது. அளவுக்கு மீறிச் சூடேற்றினால் தார் இறுகிச் சாலையில் விரைவில் விரிசல் விழும் என்பதால், வெப்பத்தைக் கட்டுக்குள் வைப்பது சாலைக்கும் நன்மையே. எனவே ஒப்பந்தப்புள்ளி நிபந்தனைகளில் மிதவெப்பக் கலவைக்கு முன்னுரிமை தர வேண்டும். மேல்வரம்பைத் தாண்டிய கலவையை, ஆறிய கலவையைப் போலவே கட்டாயம் திருப்பி அனுப்ப வேண்டும். ஒட்டுப்போடும் சிறு பணிகளில் சாலையோரத்தில் விறகு மூட்டித் தார் காய்ச்சுவதை அறவே நிறுத்த வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. தார், பிட்டுமன் ஆகியவற்றால் வரும் தோல் புற்றுநோயை, 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை தொழில்நோயாகக் குறிப்பிட்டது. ஆனால் பருவத்துக்கு ஒரு ஒப்பந்ததாரரிடம் வேலை செய்பவர், இருபது ஆண்டு கழித்து நோய் வரும்போது எந்தத் தாளைக் காட்டி நிரூபிப்பார்? கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தின் பதிவேட்டில், ஒருவர் எந்தெந்த ஆண்டுகளில் தார் வேலை செய்தார் என்பதையும், ஆண்டுக்கொரு முறை நுரையீரலும் தோலும் சோதிக்கப்பட்ட விவரத்தையும் எழுத அரசு ஆணையிட வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சாலைப் பணி மேற்பார்வையாளர்,
விருதுநகர்.