ஜிரோனா – ஃபிகெரெஸ் ஒருநாள் சுற்றுலா: புகாரும் பணம் திரும்பக் கோருவதும்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஐரோப்பா பயணத்தில், பார்சிலோனாவிலிருந்து ஜிரோனாவின் பழைய நகரத்தையும் ஃபிகெரெஸில் உள்ள ஓவியர் டாலியின் அருங்காட்சியகத்தையும் தமிழ் பேசும் வழிகாட்டியுடன் காட்டுவதாகச் சொல்லி, ஆளுக்கு 14,500 ரூபாய் தனியாக வாங்கினீர்கள். நானும் என் மனைவியும் கட்டினோம். அந்த ஒருநாள் பயணத்தைப் பற்றியதுதான் இந்தப் புகார்.

ஜிரோனாவுக்கு மூன்று மணி நேரம் என்று பயணத் திட்டத்தில் அச்சிட்டிருக்கிறீர்கள். கிடைத்தது ஐம்பது நிமிடம். திட்டத்திலேயே இல்லாத ஒரு தள்ளுபடிக் கடை வளாகத்தில் காலையில் பஸ்ஸை ஒன்றரை மணி நேரம் நிறுத்திவிட்டார்கள். மதியம் இந்திய உணவகத்தில் இன்னொரு ஒன்றரை மணி நேரம். எல்லா நாளும் அதே பருப்பும் பனீரும்தானே, அன்று மட்டும் கையில் ஒரு சாண்ட்விச்சைக் கொடுத்திருந்தால் யாரும் கோபித்திருக்க மாட்டோம்.

அந்த ஐம்பது நிமிடத்திலும் பாதி, ஒன்யார் ஆற்றின் சிவப்பு இரும்புப் பாலத்தில் குரூப் போட்டோவுக்கே போனது. பாரிஸ் கோபுரத்துக்குப் பன்னிரண்டு ஆண்டு முன்பே, 1877-இல், ஈஃபிளின் நிறுவனம் கட்டிய பாலம் அது. வழிகாட்டி அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. யூதர்கள் 1492-இல் வெளியேற்றப்படும்வரை வாழ்ந்த கல் சந்துகளின் முனையைக் கைகாட்டியதோடு சரி. தேவாலயத்துக்கு ‘நுழைவுக் கட்டணம் உட்பட’ என்று உங்கள் தாளில் இருக்கிறது. கோதிக் தேவாலயங்களில் உலகிலேயே மிக அகலமான நடுக்கூடம், ஏறக்குறைய 23 மீட்டர், அதற்குள்தான் இருக்கிறது. எங்களைக் கீழ்ப்படியிலேயே நிறுத்தி, “ஏறினா முட்டி வலிக்கும், இங்கேர்ந்தே பாருங்க” என்றார் வழிகாட்டி. அந்த டிக்கெட் பணம் எங்கே போனது?

ஃபிகெரெஸில் இன்னும் மோசம். ஸ்பெயின் உள்நாட்டுப் போரின் கடைசியில் எரிந்துபோன நாடகக் கொட்டகையைத்தான் டாலி அருங்காட்சியகமாக மாற்றி 1974-இல் திறந்தார். அவரை அடக்கம் செய்திருப்பதும் அந்த மேடைக்கு அடியில்தான். “டாலி கல்லறை எங்கே?” என்று என் மனைவி கேட்டபோது, வழிகாட்டி போனில் தேடிவிட்டு “பாரிஸ்ல இருக்கும்” என்றார். அப்போது நாங்கள் நின்றது அதே மேடையில்.

ஹாலிவுட் நடிகை மே வெஸ்ட்டின் பெயரில் உள்ள அறையில் உதடு வடிவ சோபா, மூக்கு வடிவக் கணப்பு, கண்களாக இரண்டு படங்கள். கீழே நின்று பார்த்தால் தட்டுமுட்டுச் சாமான்தான். படியேறி, மேலே மாட்டியிருக்கும் லென்ஸ் வழியாகப் பார்த்தால்தான் எல்லாம் சேர்ந்து நடிகையின் முகமாகும். “லைன் பெருசா இருக்கு, விடுங்க” என்று எங்களை வெளியே தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். முகத்தைப் பார்க்காமல் அந்த அறைக்குப் போய்வந்து என்ன பயன்? அதே டிக்கெட்டில் பார்க்கக்கூடிய டாலியின் நகைக் காட்சிக்கும் கூட்டிப்போகவில்லை.

இன்னொன்று. உங்கள் விளம்பரத் தாளில் டாலியின் உருகும் கடிகாரங்கள் ஓவியத்தைப் பெரிதாகப் போட்டு, ‘நேரில் காணுங்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அசல் ஓவியம் 1934 முதல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. குழுவில் இருந்த கல்லூரி மாணவி ஒருத்தி அதைப் பார்க்கத்தான் பணம் கட்டியதாகச் சொன்னாள். தயவுசெய்து அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள்.

போகாத தேவாலயத்தின் கட்டணத்தை முழுதாகவும், மீதித் தொகையில் பாதியையும் எங்கள் இருவருக்கும் திருப்பித் தர வேண்டும். கடை வளாகத்தில் நிறுத்தச் சொன்னது யார் என்பதற்கும் எழுத்தில் பதில் வேண்டும். ஓட்டுநரைக் குறை சொல்ல வேண்டாம், தனக்குச் சொல்லப்பட்ட இடத்தில் அவர் நிறுத்தினார், அவ்வளவுதான். ரசீது, பயணத் திட்டம், விளம்பரத் தாள் மூன்றின் நகல்களையும் இணைத்திருக்கிறேன். பதினைந்து நாட்களுக்குள் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

இப்படிக்கு,
பார்சிலோனா குழுவில் வந்த பயணி