மாப்ளைக்கு, ஒரு கிளிக்கதை பத்தி

மாப்ள,

அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு கேள்விப்பட்டேன், சொட்டு மருந்த நேரந்தவறாம விடச் சொல்லு. இங்க வெயில் மண்டையப் பொளக்குது. லீவு விட்டா நானும் பாப்பாவும் நத்தம் ரோட்டுல 2023-ல தொறந்தாய்ங்கள்ல கலைஞர் லைப்ரரி, அங்கதான் கெடக்கோம், ஏசி ஓசி.

அங்க ஒரு படக்கதை புக்கு மாட்டுச்சுடா. 750 வருசத்துக்கு முன்னாடி துருக்கில கோன்யாவுல இருந்த சூஃபி ஞானி ரூமி, மஸ்னவிங்கிற தன்னோட பாட்டு புக்குல சொன்னது, உங்க அத்தா வாயால நீ கேட்டிருப்ப. வியாபாரி ஒருத்தன் கூண்டுல கிளி வளக்குறான், இந்தியாவுக்கு கெளம்புறப்ப என்ன வேணும்னு கேக்குறான், அது ஒண்ணும் வேணாம் அங்க எங்காளுகளப் பாத்தா நான் இங்க அடைஞ்சு கெடக்கேன்னு மட்டும் சொல்லுங்குது. இவன் இந்தியாவுக்கு வந்து கிளிகள்ட்ட சொல்றான், அதுல ஒரு கிளி வெடவெடன்னு நடுங்கி பொத்துன்னு விழுந்துருது. ஊருக்குப் போய் வருத்தமா அதச் சொன்னா இதுவும் விழுந்துருது. அழுதுக்கிட்டே தூக்கி வெளிய போட்டா சர்ருன்னு பறந்து கொப்புல உக்காந்துக்கிச்சு!

அன்னைலருந்து ஹோம்வொர்க் எழுதச் சொன்னா எங்க வீட்லயும் ஒண்ணு பொத்துன்னு விழுந்து செத்துப்போகுது.

படம்லாம் சூப்பரு, ஆனா கடைசி பக்கத்துல கோட்டை விட்டாய்ங்க. வியாபாரிய வில்லனாக்கி, தலைல கைவச்சு உக்கார வச்சு, கீழ கட்டம் கட்டி ஒரு அறிவுரை வேற. ரூமி அப்படி விடல மாப்ள. இவன் அண்ணாந்து பாத்து என்ன சூட்சுமம்னு கேக்குறான், என் கொரலும் பேச்சும்தான் என்னைய கூண்டுல வச்சிருந்துச்சு, செத்தவன் மாதிரி ஆனா விடுதலைன்னு அந்தக் கிளி நடிச்சுக் காட்டுச்சுன்னு இது சொல்லுது, அவனும் இது எனக்கும் சேத்து சொன்ன புத்திதான்னு வாழ்த்தி அனுப்புறான். பதில அவ்வளவு தூரம் தூக்கிச் சுமந்தவனே அவன்தான, அது அவனுக்கே புரியாம இருந்துச்சு, அந்த எடத்த வெட்டிட்டா அப்பறம் என்ன சூஃபி கதை, கூண்ட விட்டு ஓடுன கிளிக்கதைதான்.

பாப்பாவ மீனாட்சி கோயில்ல கிளிக்கூட்டு மண்டபத்துக்கு கூட்டிட்டுப் போய் முன்ன இங்கதான் கிளி வளத்தாய்ங்கன்னு காட்டுனேன். மீனாட்சி கைல இருக்கே அதுக்கு மட்டும் கூண்டு இல்லையாப்பான்னு கேக்குறா, நான் எங்கிட்டுப் போக.

அத்தா இந்தக் கதைய எப்படி முடிப்பாருன்னு ஞாபகமிருந்தா எழுது. பெருநாளைக்கு வர்றியா இல்லையா, அதையும் சொல்லு.