கால் ஊன்றும் உயரம்

நீடாமங்கலம் பக்கம்,
தை மாதம்.

அன்பு மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. சம்பா அறுவடை முடியட்டும் என்று இருந்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. இந்தத் தடவை அறுப்பு மெஷின் கிடைக்கவே ஒரு வாரம் காத்திருந்தோம். நெல் இன்னும் ரோட்டில்தான் காய்கிறது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் எடுக்கமாட்டார்கள். பனி கொட்டுகிற மாதத்தில் அதைக் காயவைத்து எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டு அவிழ்த்த அன்றே உன்னைத்தான் விசாரித்தாள்.

நீ திருப்பூரை விட்டு ஊரோடு வரப்போவதைப் படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. குடவாசலிலிருந்து தினமும் கும்பகோணம் போய்வர முதல்முதலாக வண்டி வாங்கணும், கையில் 45,000 இருக்கிறது, பழைய 150 சிசி ஒன்று அதே விலைக்கு வருகிறது, எடுக்கவா என்று கேட்டிருக்கிறாய்.

எடுக்காதே. ஏன் என்று சொல்கிறேன்.

போன வருஷம் இதே தை மாதம், 38 வயதில், மச்சானுடைய 150 சிசியை இரவல் வாங்கி ஓட்டிப் பழகினேன். வெண்ணாற்றங்கரை ரோடு உனக்குத் தெரியும். பாதி அகலத்துக்கு நெல், மீதியில் வைக்கோல். எதிரே பஸ் வந்தது. ஒதுங்கி நின்று இடது காலை ஊன்றினேன். தார் ரோட்டை விட மண் ஓரம் ஒரு சாண் பள்ளம். கால் தரைக்கு எட்டவில்லை. அந்த வண்டி ஏறக்குறைய 145 கிலோ இருக்கும். ஒரு பக்கம் சாய ஆரம்பித்தபின் என்னால் பிடிக்க முடியவில்லை. நெல் துழாவிக்கொண்டிருந்த இரண்டு பேர் ஓடிவந்து தூக்கிவிட்டார்கள். முழங்காலுக்குக் கீழே தழும்பு இன்னும் இருக்கிறது. வேகமாகப் போய் விழவில்லை, நின்ற இடத்தில் விழுந்தேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் பயமாக இருக்கிறது. பஸ் அரை அடி தள்ளி வந்திருந்தால்?

நம் பக்கத்து ரோடெல்லாம் இப்படித்தான். ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் வயல், ஒதுங்குகிற இடமெல்லாம் சரிவு. அதனால் வண்டி பார்க்கப் போனால் சிசியையும் கலரையும் அப்புறம் பார். முதலில் ஏறி உட்கார். இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் படிய வேண்டும், முழங்கால் கொஞ்சம் மடங்கியே இருக்க வேண்டும். நுனிவிரலில் நிற்கிற வண்டி இந்த ரோட்டில் புதிதாக ஓட்டுகிறவனுக்கு ஆகாது. ஸ்ப்ளெண்டர் சீட் 785 மில்லிமீட்டர் உயரம், எடை 112 கிலோ பக்கம். நீயும் என் உயரம்தானே, ஐந்தடி நாலங்குலம், சரியாக இருக்கும். எச்எஃப் டீலக்ஸும் அதே 97.2 சிசி எஞ்சின்தான், பழசில் சில ஆயிரம் குறைவாகக் கிடைக்கும். நான் எடுத்தது அதுதான். உர மூட்டை ஏற்றுவதுதான் முக்கிய வேலை என்றால் எக்ஸ்எல் 100 போதும், கிளட்ச் தொல்லை கிடையாது. ஆனால் தினம் கும்பகோணம் என்றால் கியர் வண்டியே நல்லது.

எந்த வருஷத்து வண்டி என்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசி வரையுள்ள புது வண்டிகளுக்கு இணைந்த பிரேக்காவது இருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். பின் பிரேக்கை மிதித்தால் முன்சக்கரமும் சேர்ந்து பிடிக்கும். பதற்றத்தில் வலது காலை மட்டுமே அழுத்துகிற நம்மைப் போன்றவர்களுக்கு அது பெரிய துணை. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபிறகு, எஞ்சினுக்குப் பெட்ரோல் விடுகிற கார்புரேட்டர் போய், பெரும்பாலும் சென்சார் வைத்த இன்ஜெக்ஷன் வந்துவிட்டது. அதில் கோளாறு என்றால் புளியமரத்தடி மெக்கானிக் கை வைக்கத் தயங்குவார். இரண்டுக்கும் நடுவில் வந்த வண்டிகளில் பெரும்பாலும் அந்த பிரேக்கும் இருக்கும், கார்புரேட்டரும் இருக்கும். அதைத் தேடு. என்னுடையது 2019 கடைசியில் பதிவானது, 36,000-க்கு முடித்தேன்.

பார்க்கப் போகுமுன், நான் வருகிறவரை ஸ்டார்ட் பண்ணாதீர்கள் என்று விற்கிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. போனதும் எஞ்சினைத் தொட்டுப் பார், சில்லென்று இருக்க வேண்டும். சூடாக இருந்தால் காலை ஸ்டார்ட்டிங் கோளாறை மறைக்கிறார்கள் என்று சந்தேகப்படு. நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது, செலவு வைக்கும். வெள்ளத்தில் மூழ்கின வண்டியும் விற்பனைக்கு வரும், அதில் ரொம்ப கவனம். சீட்டைக் கழற்றிப் பார். மூலைமுடுக்கில் வண்டல் படிந்திருக்கும். ஆயில் பால் விட்ட காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது, திரும்பிப் பார்க்காமல் வந்துவிடு. நாகப்பட்டினம் கடற்கரைப் பக்கத்து வண்டி என்றால் சைலன்சரின் அடிப்பக்கத்தையும் ரிம்மையும் தடவிப் பார், உப்புக்காற்று தின்றிருக்கும்.

ஆர்சி புத்தகத்தில் ஃபைனான்ஸ் பெயர் இருந்தால், கடன் அடைத்த என்ஓசி கையில் வராமல் பணம் கொடுக்காதே. எங்கள் தெருவில் ஒருவர் முன்பணம் கொடுத்து வண்டியை எடுத்துவந்து, மூன்றாம் மாதம் கடன்காரர்கள் வந்து தூக்கிப் போனதைக் கண்ணால் பார்த்தேன். அன்று முழுக்க அவர் வீட்டில் அடுப்பு எரியவில்லை. 29, 30 படிவங்களில் கையெழுத்து வாங்கி உன் பெயருக்கு மாற்றிக்கொண்டால்தான் அது உன் வண்டி.

45,000 இருக்கிறது என்பதற்காக அத்தனையையும் வண்டியில் போட்டுவிடாதே. 36, 37-க்குள் முடி. மீதியில் இன்ஷூரன்ஸ், பெயர் மாற்றம், பின் டயர், செயின் ஸ்ப்ராக்கெட், பிரேக் ஷூ எல்லாம் வரும். ஐஎஸ்ஐ ஹெல்மெட் இரண்டாக வாங்கு. தங்கச்சி பின்னால் வெறும் தலையோடு உட்கார்ந்து வருவதை நான் பார்க்கக் கூடாது.

பழகுநர் லைசென்ஸுக்கு, அதாவது எல்எல்ஆருக்கு, இப்போதே போட்டுவிடு. அது கைக்கு வந்து 30 நாள் கழித்துத்தான் லைசென்ஸ் டெஸ்டில் எட்டு போட விடுவார்கள். அதற்குள் பழகிக்கொள்ளலாம். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட மைதானம் ஞாயிற்றுக்கிழமை காலியாகத்தான் கிடக்கிறது. ஆறு மணி பஸ்ஸில் வந்துவிடு. என் வண்டியிலேயே கிளட்ச் விடக் கற்றுத்தருகிறேன், அப்படியே உட்கார்ந்து கால் எட்டுகிறதா என்றும் பார்த்துவிடலாம். செருப்போடு வராதே, ஷூ போட்டுக்கொண்டு வா. அம்மா இட்லிக்கு ஊறப்போடுகிறேன் என்கிறாள்.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை