தமிழுக்கு ஒரு பிக்சல் எழுத்துரு: தமிழ் இணையக் கல்விக்கழகத்துக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய கல்விக்கழகத்தாருக்கு,

வணக்கம். ஒருங்குறி (யூனிகோட்) எழுத்துருக்களை இலவசமாகத் தந்தவர்கள் நீங்கள் என்பதால் இதையும் உங்களிடமே கேட்கிறேன். 1980இல் வந்த பேக்-மேன் வீடியோ ஆட்டத்தின் திரையில் பார்த்தோமே, கட்டம் கட்டமாக நிற்கும் எழுத்து, அது தமிழுக்கும் வேண்டும்.

அந்தக் காலத்து ஆட்டப் பெட்டிகளில் நினைவகம் மிகக் குறைவு. ஓர் எழுத்துக்கு எட்டுக்கு எட்டுக் கட்டம்; ஒரே நிறத்தில் வரைந்தால் எட்டே பைட். ரோமன் பேரெழுத்துகள் அதற்குள் அடங்கிவிட்டன. இன்று அந்தக் கட்டாயம் இல்லை. ஆனாலும் சிறிய ஆட்டங்களை உருவாக்குகிறவர்கள் அந்தத் தோற்றத்தை விரும்பித் தேர்ந்தெடுக்கிறார்கள். 'பிரஸ் ஸ்டார்ட் 2பி' என்ற எழுத்துரு ரோமன், கிரேக்க, சிரிலிக் எழுத்துகளை இதே பாணியில், திறந்த உரிமத்தில் தருகிறது. தமிழ் அதில் இல்லை. 'யூனிஃபான்ட்' எழுத்துருவில் தமிழ் உண்டு. ஆனால் ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஏதாவது ஓர் உருவம் காட்டுவதே அதன் நோக்கம்; உயிர்மெய்யைச் சேர்த்து எழுதிப் படிக்க அது உதவாது.

இருக்கும் எழுத்துருவைச் சுருக்கினால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. ஒரு சுழி கண்ணுக்குத் தெரிய இரு சுவரும் நடுவே ஒரு வெற்றுக் கட்டமும் வேண்டும். மூன்று சுழி ண-வுக்கு, சுவர்களைப் பகிர்ந்துகொண்டாலும், எட்டுக் கட்ட அகலத்தில் மூச்சுவிட இடம் இருக்காது. மேல்விலங்குக்கு, அதாவது கி, கீ போன்றவற்றின் மேல் வளைவுக்கு, தலைக்கு மேல் இடம் வேண்டும். கி, கீ இரண்டையும் பிரிப்பது உச்சியில் உள்ள ஒரு குட்டிச் சுழிதான். அது அடைத்துப்போனால் குறில் நெடில் வேறுபாடே போய்விடும். உகர, ஊகார வரிசைகளில் எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுவதால் அந்த 36 உருவங்களையும் தனித்தனியே வரைய வேண்டும். ஒற்றைக் கட்டத்தில் புள்ளி வைத்தால் திரையில் ஒட்டிய தூசிபோல் இருக்கும். (1978 எழுத்துச் சீர்திருத்தம் பழைய ணை, லை வடிவங்களை விலக்கியது இந்த விஷயத்தில் பெரிய புண்ணியம்.)

ஆகவே உயரம் 16 கட்டமாக இருக்கட்டும். அகலம் எழுத்துக்கேற்ப மாறட்டும். ர-வையும் ணௌ-வையும் ஒரே அகலத்தில் அடைப்பது கொடுமை.

சில ஆட்டப் பொறிகளுக்கு (ஆட்டங்களை உருவாக்கி இயக்கும் மென்பொருள்களுக்கு) கொம்பை எழுத்துக்கு முன்னால் வைக்கத் தெரியாது. அவற்றுக்காக 247 எழுத்துகளும் முழுதாக வரைந்த ஒரு படத்தாளையும் சேர்த்து வெளியிடுங்கள். மூலக் கோப்புகளும் திறந்த உரிமத்தில் வேண்டும். யாழ்ப்பாணத்திலோ சிங்கப்பூரிலோ இருப்பவர் தம் ஆட்டத்துக்கேற்பத் திருத்திக்கொள்வார்.

வரைகிறவரைத் தேடும்போது, எழுத்துரு வடிவமைப்பாளரோடு ஆட்டங்களுக்குப் படம் வரைகிற ஒருவரையும் சேர்த்து அமர்த்துங்கள். முதல் வரைவு வந்ததும் 'மண்ணெண்ணெய்' என்று எழுதி ஒரு கைபேசித் திரையில் பத்துப் பேருக்குக் காட்டுங்கள். யாராவது தடுமாறினால் தயங்காமல் திருப்பி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தமிழில் ஆட்டங்கள் உருவாக்கும் ஒருவன்