மாப்ள, மொதல்ல மானிட்டரப் பாரு

டேய் மாப்ள,

நல்லாருக்கியா, தங்கச்சி எப்படி இருக்கா, பெரியவனுக்கு வேலை விசயம் என்னாச்சு. இங்க எல்லாரும் சொகம், அம்மாவுக்கு முட்டிவலி மட்டும் அப்படியே இருக்கு, உன்னைய அடிக்கடி கேக்குது. வாய்ஸ் நோட்டுக்கெல்லாம் பதிலே வரலன்னு கோவிச்சிருப்ப. ஆனா இந்த விசயம் ஒரு நிமிச வாய்ஸ் நோட்டுல அடங்காதுடா, அதான் உக்காந்து டைப் பண்றேன், பொறுமையா படி.

மொதல்ல சேதி. நம்ம ஹெட்மாஸ்டர் செப்டம்பர் 25 அன்னிக்கு காரைக்குடில நீ சவுண்டு போடற மேடைல பாடுறாரு. ஆமா, அவரேதான். எஸ்.பி.பி. நினைவு நாளுக்கு உங்க ஊரு கரோக்கி கிளப்புல பேரு குடுத்துட்டாரு, ரெண்டு சோலோ, ஒரு டூயட்டு. இதுல என்னடா பெரிய சேதின்னு கேப்ப. சித்திரைல அந்த மனுசன் இனிமே மைக்கையே தொடமாட்டேன்னு சொல்லிட்டு வீட்டுக்குள்ள போயி உக்காந்துட்டாரு, அது உனக்குத் தெரியாதுல்ல.

இங்க ஒரு மண்டபத்துல கரோக்கி நைட்டு, வாத்தியம் மட்டும் ரெக்கார்டு பண்ணுன டிராக்கு ஓடும், அதுகூட பாடணும். சவுண்டு யாருன்னு பேரு வேணாம், விடு. ரெண்டு பெரிய பெட்டிய ஸ்டாண்டுல ஏத்தி ஜனங்கள பாத்து வெச்சுட்டான், பாடறவங்களுக்குக் கேக்கறதுக்குன்னு அவங்களப் பாத்து வெக்கிற மானிட்டர் பெட்டின்னு ஒண்ணுமே இல்ல, கேட்டா "இம்புட்டு சத்தம் வருதே சார், அதுலயே கேக்குமே"ங்கறான். ஹெட்மாஸ்டர் பல்லவிய சமாளிச்சுட்டாரு. இன்டர்லூட் முடிஞ்சு சரணம் எடுக்கையில லேட்டு. அப்பறம் தாளத்தப் பிடிக்க ஓடி, ஸ்ருதி எறங்கி, கடைசில பாட்டு ஒரு பக்கம் இவரு ஒரு பக்கம். முன்வரிசைல ஒருத்தன் "வயசாயிருச்சுல்ல"ன்னு சொன்னது அவரு காதுல விழுந்துருச்சுடா. கீழ எறங்கி வந்து என் கையப் பிடிச்சுக்கிட்டு "சாரீரம் போச்சுப்பா, காதும் போச்சு போல"ன்னாரு. எனக்கு வயிறு எரிஞ்சுச்சு.

சாரீரமும் போகல, காதும் போகல. அவரு நின்ன எடத்துல நான் போயி நின்னு கேட்டேன். பெட்டி ரெண்டும் அவருக்கு முன்னாடி நிக்குது, அதோட முதுகுதான் இவரப் பாத்துருக்கு. மேல்ஸ்தாயி சத்தம் எல்லாம் நேரா ஜனங்க பக்கம் போயிருது, பின்னாடி வர்றது வெறும் தும்மு தும்முனு பேஸ் மட்டும். அதுல எவன்டா ஸ்ருதி பிடிப்பான். மத்ததெல்லாம் மண்டபத்தோட பின்சுவத்துல முட்டி திரும்பி வந்தாத்தான் இவருக்குக் கேக்கும். சுவத்துக்கு 15 மீட்டர் இருக்கும், போக வர 30 மீட்டர், சத்தம் ஒரு செகண்டுல 343 மீட்டர்தான் போகுது, அப்ப கிட்டத்தட்ட 90 மில்லி செகண்டு லேட்டாத்தான் அந்த டிராக்கு அவரு காதுக்கு வருது. கொஞ்சம் வேகமான பாட்டுல ஒரு தட்டுக்கு அரை செகண்டு, அதுல 90ன்னா அஞ்சுல ஒரு பங்கு ஓடியே போச்சு. கேக்கறதோட அவரு கரெக்டாத்தான் சேந்து பாடுனாரு, ஆனா கேட்டதே பழைய சத்தம்.

நம்ம ட்ரூப்புல இருந்தப்ப இந்தப் பிரச்சன ஏன் வரலன்னு யோசிச்சுப் பாரு. பாடறவன் ஒரு ஆவர்த்தம் விட்டுட்டா தபேலா அண்ணன் ஒரு திருப்பம் போட்டு இழுத்துப் பிடிச்சுருவாரு, கீபோர்டு மாமா கண்ணாலயே எடுன்னு சொல்லுவாரு, ஸ்ருதி எறங்குனா பாடற ஸ்வரத்தையே லேசா ஒரு தடவ தொட்டுக் காட்டுவாரு. டிராக்குக்குக் கண்ணும் கெடையாது, பொறுமையும் கெடையாது. அது பாட்டுக்குப் போயிக்கிட்டே இருக்கும். அப்ப கரோக்கி பாடறவனுக்கு அந்த மானிட்டர் பெட்டிதான்டா தபேலா அண்ணன், அதுதான் கீபோர்டு மாமா. அத மிச்சமிருந்தா வெப்போம்னு நெனைக்கறவன் எனக்கு சவுண்டு ஆளே கெடையாது.

இந்த கரோக்கிப் பெட்டி வந்த கதையே அப்படித்தான். 1971ல ஜப்பான்ல கோபேங்கற ஊர்ல இனோவே டைசுகேன்னு ஒருத்தரு செஞ்சது, கிளப்புல பாடறவங்களுக்குப் பின்னாடி வாசிக்கற ஆளு அவரு. ஒரு கம்பெனி முதலாளி டூருக்கு வந்து எனக்கு வாசிங்கன்னு கூப்ட, இவரால போக முடியல, அந்த ஆளு பாடுறதுக்கு ஏத்தாப்புல டேப்புல வாசிச்சுக் குடுத்து அனுப்பிருக்காரு. அதுல இருந்து வந்த யோசனைதான் காசு போட்டா பாட்டு ஓடற பெட்டி. பாடறவனுக்கு ஏத்தாப்புல வாசிக்கறதுலதான் எல்லாமே ஆரம்பிச்சிருக்கு, நம்ம ஆளுக அதத்தான் கழட்டி வெச்சுட்டாங்க.

சரி, இப்ப உன் விசயம். நீ வாங்குன பெட்டி, மிக்சர் போட்டோ எல்லாம் பாத்தேன், பொண்ணு பாக்கப் போனப்ப கூட நீ இம்புட்டு போட்டோ எடுக்கலடா. நல்ல சாமான்தான். ஆனா அந்த மேடை போட்டோவுல மானிட்டர் பெட்டி ரெண்டும் ஓரத்துல ஜோடியா நிக்குது, மூஞ்சி ரெண்டும் பாடறவரோட இடுப்பப் பாத்து. இடுப்புக்கு என்னடா கேக்கும்? சாச்சு மேல தூக்கி காதப் பாக்க வை. தூரத்த ரெண்டு மீட்டர்ல இருந்து ஒரு மீட்டராக் கொறச்சா ஆறு டெசிபல் சும்மாவே கெடைக்கும், மிக்சர்ல ஒரு பொட்டு கூட ஏத்த வேணாம்.

எங்க வெக்கிறதுங்கறது மைக்கப் பொறுத்தது. உன்கிட்ட இருக்கற ஷூர் எஸ்.எம். 58 கார்டியாய்டு, அதுக்கு முதுகுப் பக்கம் நேரா காது கேக்காது, அதனால மானிட்டர நேரா முன்னாடி வை. நீ புதுசா வாங்கிருக்கற பீட்டா 58ஏ சூப்பர் கார்டியாய்டு, அதுக்கு நேர் முதுகுல கொஞ்சம் கேக்கும், கேக்காத எடம் மைக்கோட மூஞ்சில இருந்து ரெண்டு பக்கமும் 125 டிகிரி வாக்குல இருக்கு. அதுக்கு நேர் முன்னாடி ஒரே பெட்டிய வெச்சா ஊய்னு கத்தும், ரெண்டு பெட்டிய எடமும் வலமும் தள்ளி வைக்கணும். ரெண்டையும் கலந்து குடுத்து ஒரே எடத்துல நிக்க வெக்காத. ஒரு மேடைக்கு ஒரு வகை மைக்கு, அம்புட்டுதான்.

ஆனா இதெல்லாம் மைக்க சாச்சுப் பிடிக்கிறவங்களுக்கு. கரோக்கி பாட வர்ற பெரியவங்க பாதிப்பேரு மைக்க நட்டமா மெழுகுவத்தி பிடிக்கிற மாதிரி பிடிப்பாங்க, அப்ப மைக்கோட முதுகு தரையப் பாக்கும், மானிட்டர் சத்தம் பக்கவாட்டுல ஏறும், நீ வெச்ச கணக்கெல்லாம் போச்சு. இன்னும் சில பேரு கம்பி வலைய அப்படியே உள்ளங்கையால பொத்திப் பிடிப்பாங்க, அப்ப அந்த மைக்கு எல்லாப் பக்கமும் கேக்க ஆரம்பிச்சுரும். மேடைல வெச்சு சொல்லாத, மூஞ்சி சுண்டிரும். ஏறுறதுக்கு முன்னாடி மைக்கக் கைல குடுக்கையிலயே நீயே சாச்சு, கீழ்த்தண்டப் பிடிக்க வெச்சுக் குடு.

டிவிய மறந்துட்டேன் பாரு. வரி ஓடற டிவிய நீ வலது ஓரத்துல வெச்சுருக்க. பாடறவங்க பாட்டு முழுக்க அதத்தான் பாப்பாங்க, தல திரும்புனா மைக்கும் சேந்து திரும்பும், மானிட்டர் ஒரு பக்கம் இவங்க ஒரு பக்கம் ஆயிரும். டிவியையும் மானிட்டரையும் ஒரே தெசைல வை, டிவிக்குக் கீழ பெட்டி. சில பேரு டேப்லட்ட ஸ்டாண்டுல வெச்சுப் பாடுவாங்க, அந்த வழவழப்பான பலகைல மானிட்டர் சத்தம் பட்டு நேரா மைக்குக்குள்ள போகும், ஸ்டாண்ட கொஞ்சம் எறக்கி சாச்சு விடு.

இப்ப ஹெட்மாஸ்டருக்கு என்ன செஞ்சேன்னு சொல்றேன். ஒரு ஞாயித்துக்கெழம காலைல ஆளில்லாத ஹால்ல அவர வம்பா கூட்டிட்டுப் போயி நிறுத்துனேன். ஜனங்களப் பாத்த மெயின் பெட்டியே போடல. மானிட்டர் மட்டும், அதுல டிராக்கு மட்டும் மொதல்ல. டிராக்குல 120 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டிட்டேன், பேஸு மெயின்ல இருந்து தானா வரும், மானிட்டர்ல வேணுங்கறது கீபோர்டும் ரிதமும்தான். 250 பக்கம் கொஞ்சம் எறக்குனேன், கொழகொழப்பு போச்சு. அப்பறம் அவரு குரல கொஞ்சங்கொஞ்சமா ஏத்தி "உங்க குரல் உங்களுக்கு பக்கத்துல கேக்கற மாதிரி இருக்கா, தூரத்துல இருக்கா"ன்னு கேட்டேன். சத்தம் போதுமான்னு கேட்டா எல்லாரும் இன்னும் வைன்னுதான் சொல்லுவாங்க. எக்கோ கேட்டாரு, கொஞ்சூண்டு குடுத்தேன், அது கூடுனா வால் நீண்டு ஸ்ருதிய மூடிரும், ஃபீட்பேக்கும், அதான் அந்த ஊய்னு கத்தறது, சீக்கிரம் வரும். மெயின்ல வேணுங்கறத போட்டுக்க, ஜனங்களுக்கு இனிக்கும். டிராக்க ஒரு அரை ஸ்ருதி எறக்கிக் குடுத்தேன், வயசுக்கு அது மரியாத. அவ்வளவுதான் மாப்ள. அதே பாட்டு, அதே சரணம், இன்டர்லூட் முடிஞ்சு கரெக்டா எடுத்தாரு. பாடி முடிச்சுட்டு "இன்னொருக்கா போடு"ன்னாரு, வேற ஒண்ணும் சொல்லல.

ரொம்ப முக்கியமா ஒண்ணு, மிக்சர்ல இருந்து மானிட்டருக்குத் தனியாப் போற ஆக்ஸ் லைன ப்ரீ-ஃபேடர்ல வை, அதாவது மெயின் சத்தத்த ஏத்தி எறக்குனா மானிட்டர் மாறாத மாதிரி. போஸ்ட்ல வெச்சா நீ ஜனங்களுக்காக குரல எறக்கறப்ப அவருக்கும் எறங்கிரும், அவரு பயந்து கத்துவாரு. சுத்தி சத்தம் கூடுனா மனுசன் தன்னையறியாம கத்துவான்னு 1911லயே லோம்பார்ட்னு ஒரு பிரெஞ்சு காது டாக்டர் சொல்லி வெச்சிருக்காரு, நாம தெனம் மேடைல பாக்கறதுதான். மிக்சர்ல ஒரே ஒரு ஆக்ஸ் இருந்து அது எக்கோவுக்குப் போயிருச்சுன்னா வேற மிக்சர் எடு, வாடகைக்காவது எடு.

லேப்டாப் ஒயர் விசயம் ஒண்ணு, இதுல பல பேரு தல சொறிஞ்சுக்கிட்டு நிக்கிறத பாத்திருக்கேன். ஒரு பக்கம் 3.5 எம்.எம்., இன்னொரு பக்கம் ரெண்டு கறுப்பு வளையம் உள்ள கால் இஞ்ச் ஜாக்கு, அத ஒரே சேனல்ல சொருகிருவாங்க. அந்த சேனல் லெஃப்ட்ல இருந்து ரைட்டக் கழிச்சுரும். நடுவுல இருக்கற கிக்கு, பேஸு, முக்கிய ரிதம் எல்லாம் மாயமாப் போயிரும், எக்கோவும் கோரஸும் மட்டும் காத்துல மெதக்கும். பாடறவன் எத வெச்சுப் பாடுவான்? ரெண்டாப் பிரியற ஒயரு போட்டு ரெண்டு சேனல்ல குடு, இல்ல லேப்டாப் சத்தத்த மிக்சருக்கு ஏத்தாப்புல மாத்திக் குடுக்கற ஸ்டீரியோ டி.ஐ. பாக்ஸ் வை. அப்பறம் பழைய ஆப்ல பாட்டுக்குரல அழிச்சு எடுத்த டிராக்கு சிலதுல லெஃப்ட்டும் ரைட்டும் ஒண்ணுக்கொண்ணு தலகீழான அலையா இருக்கும், மெயின் ஸ்டீரியோவுல கேக்கும், ரெண்டும் ஒண்ணாக் கலக்கற மானிட்டர் மோனோவுல சுத்தமாக் காணாமப் போயிரும். பயந்துறாத, ஒரு பக்கத்த மட்டும் அனுப்பு, வந்துரும். புளூடூத்துல டிராக்கு விடறேன்னு எவனாவது போன நீட்டுனா வாங்காத, வரி முன்னாடி ஓடும் பாட்டு பின்னாடி வரும்.

டூயட்டுக்கு ரெண்டு மானிட்டருக்கும் தனித்தனி ஆக்ஸ், ஆளுக்கு அவங்கவங்க குரல் கொஞ்சம் தூக்கலா. மத்த மைக்க எல்லாம் மூடி வை, தெறந்திருக்கற மைக்கு ரெட்டிப்பானா மூணு டெசிபல் போச்சு. அறிவிப்பாளரு மைக்கு பாட்டு முழுக்க தெறந்தே கெடக்கும், நீ அதப் பாக்கவே மாட்ட, திருப்புவனத்துல ஜெனரேட்டர நீ பாத்துக்கிட்ட மாதிரி! கூட்டம் வர்றதுக்கு முன்னாடி மானிட்டர ஏத்தி ஏத்தி கூவ விட்டு, கூவற எடத்த, சத்தத்த 31 பங்காப் பிரிச்சு ஏத்தி எறக்கற 31 பேண்டு ஈக்யூல மூணு டெசிபல் எறக்கு. மூணு நாலு எடத்தோட நிறுத்திக்க, அதுக்கு மேல வெட்டுனா குரல் செத்துரும்.

இன்னொன்னு, இத வெளையாட்டா எடுத்துக்காத. உன் எடது காதுல இன்னமும் அந்த ரீங்காரம் இருக்குன்னு தங்கச்சி சொல்லுச்சு. நீ ஏன் என்கிட்ட சொல்லல? கரோக்கி நைட்டு நாலு மணி நேரம் அஞ்சு மணி நேரம் போகுது, அமெரிக்காவுல தொழில் சுகாதாரம் பாக்கறவங்க கணக்குப்படி 85 டெசிபல்ல எட்டு மணி நேரம்தான் இருக்கலாம், மூணு டெசிபல் கூடக்கூட நேரம் பாதி ஆகும், 100 டெசிபல்ல வெறும் கால் மணி நேரம். நீ வருசக்கணக்கா பெட்டிக்குப் பக்கத்துலயே நிக்கிற. காதுதான்டா நம்ம சோறு. இங்க வா, பெரியாஸ்பத்திரில ஆடியோகிராம், அதான் காது எம்புட்டு கேக்குதுன்னு பாக்கற சோதனை, எடுத்துருவோம், நான் கூட வர்றேன். மேடைல மானிட்டர பக்கமா வெச்சு கம்மியா ஓட்டுன்னு நான் கத்தறதுக்கு பாதிக் காரணம் அதுதான். பாட வர்ற பெரியவங்க காதும் அப்படித்தான், அவங்களுக்குத் தேவை தெளிவு, 2 கிலோ ஹெர்ட்ஸுல இருந்து 4 வரைக்கும் எழுத்து புரியற மாதிரி இருந்தாப் போதும், சத்தம் வேணாம்.

24ந் தேதி மத்தியானமே நான் ஹெட்மாஸ்டரக் கூட்டிட்டு பஸ் ஏறிருவேன், சாயந்தரம் சவுண்டு செக்குக்கு ஹால் சாவி கைல இருக்கணும். ஹாலோட நீளம், மேடை அகலம், பின்சுவத்துல தெரை இருக்கா வெறும் சுவரான்னு பாத்து அனுப்பு. டூயட்டுல பாடப்போற அம்மாவோட ஸ்கேல கேட்டு வாங்கு, டிராக்க நான் இங்கயே எறக்கி பென்டிரைவ்ல கொண்டாறேன். ராத்திரி சாப்பாடு உங்க வீட்லதான், தங்கச்சிட்ட சொல்லிரு, அவருக்கு சக்கர இருக்கு, இனிப்பு வேணாம்.

உன் மச்சான்
மதுரை