இன்கா பாதையும் சுமை தூக்குவோரும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பணி ஓய்வு பெற்றவர்களைப் பெரு நாட்டில் இன்கா மக்கள் கட்டிய பழைய மலைநகரான மச்சு பிச்சுவுக்கு அழைத்துச் செல்வதாகக் காரைக்குடி, தேவகோட்டைப் பகுதிகளில் வரும் விளம்பரங்களில், அந்நகருக்குச் செல்லும் இன்கா பாதையின் நான்கு நாள் மலைநடை மாலை உலாவைப் போலக் காட்டப்படுவது கவலையளிக்கிறது. ஏறத்தாழ 43 கிலோமீட்டர் நீளும் அப்பாதையின் மிக உயர்ந்த கணவாய் 4,200 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. சமவெளியிலேயே வாழ்ந்து பழகிய நமக்கு, ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்திலுள்ள குஸ்கோ நகரில் இறங்கியதுமே மூச்சுத் திணறலும் தலைவலியும் வரக்கூடும் என்பதால், நடை தொடங்கும் முன் சில நாள்கள் அங்கே தங்கி உடலைப் பழக்குவது இன்றியமையாதது. நான் பார்த்த விளம்பரம் எதிலும் இது இல்லை.

உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் அங்கே நடக்க அனுமதியில்லை. பிப்ரவரியில் பாதை மூடப்படும்.

என்னை மிகவும் உறுத்துவது வேறொன்று. நம் கூடாரத்தையும் அடுப்பையும் அரிசி பருப்பையும் முதுகில் சுமந்து, நமக்கு முன்பே ஓடிச்சென்று சமைத்து வைப்பவர்கள், பெரும்பாலும் கெச்சுவா மொழி பேசும் மலைக்கிராமத்து உழவர்கள். ஒருவர் 20 கிலோவுக்கு மேல் சுமக்கக் கூடாதென 2001-ஆம் ஆண்டிலேயே பெரு சட்டம் இயற்றியது. குறைந்த கட்டணம் என்று மகிழும் முன், அந்தக் குறைப்பு அவர்களின் கூலியிலிருந்தா, உணவிலிருந்தா, உறங்கும் இடத்திலிருந்தா என்று முகவரிடம் கேட்பது நம் கடமை என்றே கருதுகிறேன். இக்கேள்விகளைத் தங்கள் சுற்றுலாப் பக்கத்தில் விரிவாக வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், காரைக்குடி